வெங்காய மொட்டிலிருந்து குன்றல் பகுப்பு ஸ்லைடு: ஆறு வார அனுபவம்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் குன்றல் பகுப்புக்கென்று, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியாசிஸ் என்ற செல் பகுப்புக்கென்று, ஒரு பெட்டி நிறைய நிலையான ஸ்லைடுகள் உண்டு. வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது. சாயம் வெளுத்து, எல்லா நிலைகளும் ஒரே மாதிரி இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "டீச்சர், மெட்டாஃபேஸ் ஒண்ணு எது, ரெண்டு எதுன்னு இதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். மெட்டாஃபேஸ் என்பது குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் நிலை; குன்றல் பகுப்பில் செல் இரண்டு தடவை பிரிவதால் அதுவும் இரண்டு. நானும் பார்த்தேன். பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரை வைத்துத்தான் சொல்ல முடிந்தது, ஸ்லைடைப் பார்த்து இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், புதிதாக நாமே போட்டுவிடுவது என்று.

வெங்காய வேர்நுனியை எல்லாரும் செய்கிறோம். அதில் கிடைப்பது மைட்டாசிஸ், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை மாறாத பகுப்பு, மட்டும். குன்றல் பகுப்பு நடப்பது மகரந்தப்பைக்குள் இருக்கும் மகரந்தத் தாய் செல்களில். எனக்கு வெங்காயத்தை விட மனம் வரவில்லை. காரணம் எளிது: வெங்காயத்தின் குரோமோசோம்கள் பெரியவை, எண்ணிக்கை 16தான். வேர்நுனியில் அதே 16ஐ மாணவிகள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். அது 8 ஆகக் குறைவதைப் பூவில் காட்டினால் "குன்றல்" என்ற சொல்லுக்கே பொருள் வந்துவிடும்.

தை மாதம். ஊருக்கு வெளியே ஒருவர் பெல்லாரி போட்டிருந்தார், பனிக்கு நிறையச் செடிகளில் பூத்தண்டு கிளம்பியிருந்தது. கேட்டதும், "எத்தனை வேணுமோ ஒடிச்சுக்கங்க டீச்சர், பூ வந்த செடியில காய் பெருக்காது" என்றார். காலை எட்டரைக்குள் போய், இருபது தண்டுகளை ஒடித்துக்கொண்டு வந்தேன். அவருக்கு நஷ்டம் தரும் பூ எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்காகவே அவர் பிள்ளைகளை அழைத்துவந்து மைக்ரோஸ்கோப்பைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மொட்டுகளைச் செடியிலிருந்து எடுத்த உடனே நிலைப்படுத்த, அதாவது செல்களை இருக்கும் நிலையிலேயே நிறுத்திவைக்க வேண்டும். தண்டு வாடினால் செல்களும் வாடும். 3 பங்கு எத்தனால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம், அவ்வளவுதான் கலவை. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையதை வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனாலும் அமிலமும் மெல்ல வினைபுரிந்து எஸ்டராகிவிடும். கல்லூரிகளில் இதைக் கார்னாய் என்று சொல்லிவிடுவோம், ஆனால் குளோரோஃபார்ம் சேராத இந்த 3:1 கலவைக்கு ஃபார்மர் கரைசல் என்றுதான் பெயர். ஜான் பிரெட்லண்ட் ஃபார்மர் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளரின் பெயர் அது. 1905இல் மூர் என்பவருடன் சேர்ந்து இந்தப் பகுப்புக்குக் கிரேக்க மொழியிலிருந்து "குறைதல்" என்ற பொருளில் பெயர் வைத்தவரும் அவர்தான். மியாசிஸ் என்று பெயர் வைத்தவரின் கரைசலில் மியாசிஸை நிறுத்திப் பிடிக்கிறோம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒரு நாள் முழுக்க அதில் ஊறிய பிறகு, மொட்டுகளை 70% ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். கிளேசியல் அமிலத்தைத் திறக்கும்போது ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, மாணவிகளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். தோலில் பட்டால் புண்ணாக்கும். வீட்டு வினிகர் இதற்கு உதவாது, அதில் அமிலம் ஏறக்குறைய 5% மட்டுமே.

சாயம் அசிட்டோகார்மின். 45% அசிட்டிக் அமிலம் 100 மி.லி.க்கு 1 கிராம் கார்மின். மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டினேன். ஜான் பெல்லிங் என்பவர் 1921இல் இதில் சிறிது இரும்பைச் சேர்த்து மகரந்தத் தாய் செல்களை நசுக்கிப் பார்க்கும் முறையைச் சொன்னார். அதற்கு முன்பு மெழுகில் புதைத்து மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும், அதில் ஒரே குரோமோசோம் இரண்டு சீவல்களில் துண்டாகப் போய்விடும். அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் தனித்தனியாக அடையாளம் கண்டது இந்த நசுக்கும் முறையைக் கொண்டுதான்.

முதல் வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உறை கிழிந்து, குடை மாதிரி விரிந்திருந்த பூங்கொத்திலிருந்து பெரிய மொட்டாகப் பார்த்து எடுத்தேன். பெரிதாக இருந்தால் பிரிப்பது சுலபம் என்ற நினைப்பு. மகரந்தப்பை மஞ்சளாக இருந்தது. நசுக்கினால் முட்டை வடிவ மகரந்தத் துகள்கள் மட்டும், நூற்றுக்கணக்கில். பகுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்த நாள் ரொம்பச் சின்ன மொட்டுக்குப் போனேன். அதில் தாய் செல்களே இன்னும் தயாராகவில்லை. சுற்றுச்சுவர் செல்களில் மைட்டாசிஸ் தெரிந்தது, அதையே குன்றல் பகுப்பு என்று ஒரு மாணவி வரைந்துகொண்டிருந்தாள். அந்தப் படத்தை அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் "சுவர் செல், 16" என்று எழுதச் சொன்னேன், பிறகு ஒப்பிட உதவியது.

சரியான மொட்டு எது என்பதற்கு நான் கண்ட குறி அளவைவிட நிறம்தான். மகரந்தப்பை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பால் கலந்த தண்ணீர் நிறமாக மாறும் இடத்தில் பகுப்பு நடக்கிறது. மஞ்சள் தட்டினால் முடிந்தது. எனக்கு அது உறை இப்போதுதான் கிழியத் தொடங்கிய பூங்கொத்தில், ஏறக்குறைய 3 மி.மீ. மொட்டில் அமைந்தது. ஒரே கொத்தில் எல்லா வயது மொட்டும் இருப்பதால், அளவு வரிசைப்படி பத்து மொட்டுகளை ஒரு தட்டில் அடுக்கி, நடுவிலிருந்து தொடங்குவதுதான் வேகமான வழி.

அடுத்த தொல்லை சாயம். நிலை சரியாக அமைந்தும், குரோமோசோமும் சைட்டோபிளாசமும் ஒரே வெளிர்சிவப்பில் கலந்து நின்றன. இரும்பை மறந்திருந்தேன். துருப்பிடித்த ஊசியால் மகரந்தப்பையைச் சாயத்துளிக்குள்ளேயே கிழித்துக் கலக்கியதும், சில நிமிடத்தில் குரோமோசோம்கள் கருஞ்சிவப்பாக ஏறின. துருப்பிடிக்காத புது ஸ்டீல் ஊசியில் இது நடக்காது. எங்கள் ஆய்வகத்தில் தூக்கி எறிய எடுத்துவைத்திருந்த பழைய ஊசியை இப்போது தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

நசுக்குவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஸ்லைடு நல்லதாவதும் கெடுவதும் இங்கேதான். ஸ்லைடில் ஒரு சொட்டுச் சாயம். அதில் ஒரே ஒரு மகரந்தப்பை. பிளேடால் இரண்டு முனையையும் வெட்டி, ஊசியால் மெல்ல அழுத்தினால் உள்ளே இருப்பவை மேகம் மாதிரி வெளியே வரும். பிறகு காலியான தோலை, ஒரு துணுக்குகூட விடாமல், எடுத்துவிட வேண்டும். நான் இதைச் சரியாகச் செய்யாத ஸ்லைடுகள் எல்லாவற்றிலும் கவர்ஸ்லிப் அந்தத் துணுக்கின் மேல் கூடாரம் போட்டு நின்றது, செல்கள் நசுங்கவே இல்லை. கவர்ஸ்லிப்பை வைத்த பின் ஸ்பிரிட் விளக்குக்கு மேல் இரண்டு மூன்று தடவை வேகமாகக் காட்டி எடுக்க வேண்டும். புறங்கையில் வைத்தால் சூடு தாங்கும் அளவு போதும், கொதித்துக் குமிழி வந்தால் அந்த ஸ்லைடு போச்சு. அப்புறம் மடித்த வடிதாளுக்கு நடுவே வைத்து, கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் ஒரு இழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு திரிந்துவிடும். ஒரு கையால் கவர்ஸ்லிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்தினால் நகராது. ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசி அடைத்தேன், சில நாட்கள் தாங்குகிறது.

மூன்றாவது வாரம், புதன்கிழமை மதியம், 40 பெருக்கி லென்சில் ஒரு பார்வைப் புலம் முழுக்க டையாகைனசிஸ் கிடைத்தது, முதல் புரோஃபேஸ் என்ற தொடக்கக் கட்டத்தின் கடைசி நிலை அது. ஒவ்வொரு செல்லிலும் எட்டு உருவங்கள். பதினாறு இல்லை, எட்டு. ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. சில வளையமாக, சில குச்சியாக, சில சிலுவையாக இருந்தன. ஜோடியின் இரண்டு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொண்டு பிணைந்திருக்கும் இடம் கயாஸ்மா. இரண்டு கயாஸ்மா இருந்தால் வளையம், முனைக்கருகே ஒன்றுதான் என்றால் நீண்ட குச்சி, நடுவில் ஒன்று இருந்தால் சிலுவை. குறுக்கேற்றம் நடந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது என்பது இதுதான். புத்தகத்தில் நீலமும் சிவப்புமாக வரைந்த படத்தை இத்தனை வருடம் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை மாணவிகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாம் பார்ப்பது எல்லாமே ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திய படங்கள். எந்தக் குரோமோசோமும் நம் கண்முன் பிரியாது. பல செல்களைப் பார்த்து வரிசையை நாம்தான் அடுக்க வேண்டும். ஒரு நிலை எத்தனை செல்களில் கிடைக்கிறது என்பதே அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைச் சொல்லிவிடும். 20 டிகிரி வெப்பத்தில் வெங்காயத்தின் குன்றல் பகுப்பு முழுவதும் சுமார் 4 நாள் எடுக்கிறது, அதில் பெரும்பகுதி முதல் புரோஃபேசுக்கே போகிறது. அதனால்தான் அதன் உட்கட்டங்களான, நூல்கண்டு மாதிரியான லெப்டோட்டீனும் பாக்கிட்டீனும் தட்டுத் தட்டாகக் கிடைத்தன. குரோமோசோம்கள் பிரிந்து துருவங்களுக்குப் போகும் அனாஃபேஸ் கிடைக்க மேலும் ஒன்பது மொட்டுகள் ஆயின.

அந்த ஒன்பதாவது மொட்டில் முதல் மெட்டாஃபேசும் முதல் அனாஃபேசும் பக்கத்துப் பக்கத்துச் செல்களில் கிடைத்தன. மெட்டாஃபேசில் எட்டு ஜோடிகள் நடுவரிசையில் இழுபட்டு நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியின் இரண்டு சென்ட்ரோமியரும் (குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) எதிரெதிர் துருவத்தை நோக்கி நீள, நடுவில் கயாஸ்மா விடாமல் பிடித்திருக்கிறது. அனாஃபேசில் மேலே எட்டு, கீழே எட்டு. இங்கேதான் கவனிக்க வேண்டியது வருகிறது. துருவத்துக்குப் போகும் ஒவ்வொரு குரோமோசோமும் ஒற்றைக் குச்சியாக இல்லை. சென்ட்ரோமியரில் மட்டும் ஒட்டி, கைகள் விரிந்து, இரண்டு குரோமாட்டிட்களாக, அதாவது இரட்டிப்பில் வந்த இரண்டு பிரதிகளாகத் தெரிகிறது. மைட்டாசிஸ் அனாஃபேசில் இப்படி இரண்டு குரோமாட்டிட்கள் ஒட்டி விரிந்து நிற்பதைப் பார்க்கவே முடியாது. வேர்நுனி ஸ்லைடைப் பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினேன்.

"கை விட்டுடுச்சு, நடுவுல மட்டும் ஏன் விடல டீச்சர்?"

இந்தக் கேள்விக்குக் கரும்பலகை போதவில்லை. மாணவிகளின் தலைமுடி ரிப்பன்களை வாங்கினேன், இரண்டு சிவப்பு, இரண்டு நீலம். சிவப்பு இரண்டும் சகோதரி குரோமாட்டிட்கள், நீலம் இரண்டும் அதே மாதிரி. இரட்டிப்பான நாளிலிருந்து சகோதரிகளைச் சேர்த்துப் பிடிப்பது கொஹீசின் என்ற புரத வளையம், அதற்குப் பதில் ஹேர்பின். நீளம் முழுக்க வரிசையாகக் குத்தினோம். நடுவில் சென்ட்ரோமியருக்கு மட்டும் பெரிய கிளிப். பிறகு ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் ஒரே இடத்தில் வெட்டி, மாற்றித் தைத்தோம். இதுதான் குறுக்கேற்றம். இப்போது சிவப்பு கிளிப்பை ஒருத்தியும் நீல கிளிப்பை ஒருத்தியும் பிடித்து இழுத்தார்கள். பிரியவில்லை.

எது பிடிக்கிறது என்று தேடச் சொன்னேன். தையலுக்கும் கிளிப்புக்கும் நடுவில் இருந்த பின்களை எடுத்தார்கள், அப்போதும் பிரியவில்லை. தையலுக்கு அப்பால், முனைப் பக்கம் இருந்த பின்களை எடுத்ததும் சரக்கென்று பிரிந்து வந்தது. கயாஸ்மா தானாக எதையும் பிடிப்பதில்லை. அதற்கு அப்பால் சகோதரிகளை ஒட்டவைத்திருக்கும் கொஹீசின்தான் மொத்த ஜோடியையும் பிடித்திருக்கிறது. முதல் அனாஃபேசில் செப்பரேஸ் என்ற நொதி கைகளில் உள்ள கொஹீசினை வெட்டுகிறது, ஜோடி பிரிகிறது. சென்ட்ரோமியர் பக்கத்துக் கொஹீசினை மட்டும் வெட்டவிடாமல் ஷுகோஷின் என்ற புரதம் காக்கிறது. ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள், 2004இல் வைத்த பெயர். "அப்ப ஐயனார் மாதிரி" என்றாள் ஒருத்தி. அந்தப் பெயரே வகுப்பில் நிலைத்துவிட்டது. இரண்டாம் பகுப்பில் அந்தக் காவல் விலகுகிறது, பெரிய கிளிப் கழன்று, சகோதரிகள் பிரிகின்றன.

இதே கொஹீசின் பற்றி ஒன்று சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பெண்களின் கருமுட்டைச் செல்கள், அவர்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே முதல் புரோஃபேசுக்குள் நுழைந்து, அதன் ஒரு உட்கட்டமான டிப்ளோட்டீன் முடிவில் நின்றுவிடுகின்றன. ஒரு முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அந்தச் செல் பகுப்பைத் தொடர்கிறது. அதுவரை பதினைந்து வருடமோ நாற்பது வருடமோ அந்தப் பிடிமானம் தாங்க வேண்டும். வயது ஏற ஏற அது தளர்வது, பிறக்கும் குழந்தையில் 21ஆம் குரோமோசோம் மூன்றாகிப்போவதற்கு (டவுன் நோய்க்குறி) ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் பகுப்பு எளிதாகக் கிடைத்தது. வெங்காயம் ஒருவித்திலைத் தாவரம். முதல் பகுப்பு முடிந்ததும் நடுவில் சுவர் விழுந்துவிடும், இரண்டு அரைவட்டங்கள் முதுகை ஒட்டி நிற்கும். இரண்டிலும் தனித்தனியாக எட்டு குரோமோசோம்கள். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை: தனிச் செல்லில் எட்டு ஜோடி என்றால் முதல் மெட்டாஃபேஸ், ஒட்டிய இரு பாதியில் பாதிக்கு எட்டு ஒற்றை என்றால் இரண்டாவது. அடுத்த மொட்டில் நான்கு செல் கூட்டங்கள். இந்தத் துப்புகளை வைத்து மாணவிகள் பெட்டியில் இருந்த பழைய ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். "மெட்டாஃபேஸ் ஒன்று" என்று ஒட்டியிருந்த இரண்டில் சுவர் தெரிந்தது. பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டினோம்.

எட்டு ஜோடியும் தத்தம் போக்கில் திரும்பி நிற்பதால், எந்தப் பக்கம் எது போகும் என்பதில் 256 விதம். மனிதருக்கு 23 ஜோடி என்றால் 83,88,608. இது குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

கடைசி இரண்டு வாரம் திட்டத்திலேயே இல்லாதது. ஆய்வக வராந்தாவில் ரியோ செடி இருக்கிறது. இலையின் அடிப்பக்கம் ஊதா. செல்லிலிருந்து நீர் வெளியேறி உள்ளே சுருங்குவதைக் காட்டும் பிளாஸ்மா சிதைவு செய்முறைக்கு வருடா வருடம் அதன் தோலை உரிக்கிறோம், பூவை யாரும் கண்டுகொள்வதில்லை. மெக்சிகோவின் தென்பகுதி, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இலைக்கணுவில் படகு மாதிரி இரண்டு மடல், அதற்குள் வெள்ளைப் பூக்கள், வருடம் முழுக்க மொட்டுக் கிடைக்கும். இதில் 12 குரோமோசோம்கள். ஆறு ஜோடி தெரிய வேண்டும்.

தெரியவில்லை. பன்னிரண்டும் முனைக்கு முனை தொடுத்து ஒரே சங்கிலியாக, சில செல்களில் முழு வளையமாக இருந்தன. முதலில் சரியாக நசுங்கவில்லை என்று நினைத்து மூன்று ஸ்லைடு மறுபடி போட்டோம். ஒவ்வொன்றிலும் அதே சங்கிலி. காரணம் இந்தச் செடியின் குரோமோசோம்கள் தங்களுக்குள் முனைத்துண்டுகளை மாற்றிக்கொண்டவை. ஒவ்வொன்றின் இரண்டு முனைக்கும் வெவ்வேறு துணை. ஒரு முனை ஒன்றோடு, மறு முனை இன்னொன்றோடு சேர, பூத் தொடுப்பது மாதிரி பன்னிரண்டும் கோத்துக்கொள்கின்றன. இந்தச் சங்கிலி சரியாகப் பிரிய வேண்டுமென்றால் வளைந்து வளைந்து நின்று, ஒன்றுவிட்டு ஒன்று மேலே, மற்றவை கீழே போக வேண்டும். பெரும்பாலான செல்களில் அந்த நெளிவு அழகாகத் தெரிந்தது. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. ஒரு செல்லில் அடுத்தடுத்த இரண்டு ஒரே பக்கம் நின்றன. இன்னொன்றில் மேலே ஏழு, கீழே ஐந்து. அந்த மாணவி மூன்று தடவை எண்ணினாள், பிறகு என்னை எண்ணச் சொன்னாள். ஏழும் ஐந்தும்தான்.

அப்படிப் போனவற்றின் கதி என்ன என்று பார்க்க, மலர்ந்த பூவின் மகரந்தத்தை அதே சாயத்தில் தூவினோம். கொஞ்சம் துகள்கள் உருண்டையாகக் கருஞ்சிவப்பு ஏறியிருந்தன. மற்றவை சாயம் பிடிக்காத, சுருங்கிய வெறும் தோல்கள். பக்கத்தில் வெங்காய மகரந்தத்தையும் தூவிப் பார்த்தோம், அதில் வெறும் தோல் தேட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே ஸ்லைடில், நடுவில் மார்க்கரால் கோடு போட்டு, பெட்டியில் ஏழாவது இடத்தில் வைத்திருக்கிறோம்.